இரவு 2:40, கீழே சத்தம்: திரும்பத் திரும்ப ஆடக்கூடிய உரைச் சாகசம் எழுதுவோருக்கான கேள்வி பதில்

எந்த மாதிரி விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

படம் கிடையாது, எழுத்து மட்டும். நள்ளிரவில் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். ஆடுபவர் வீட்டில் இருக்கும் ஒருவர். ஒளியலாம், உதவிக்கு அழைக்கலாம், வெளியேறலாம், எதிரே போய் நிற்கலாம். ஒவ்வொரு தேர்வுக்கும் கதைக்குள் ஒரு நிமிடம் கழியும். ஒரு சுற்று பத்து நிமிட வாசிப்புக்குள் முடியும், முடிந்ததும் இன்னொரு முறை ஆடத் தோன்ற வேண்டும். இங்கே எடுத்துக்காட்டாக வருவது பட்டர்வொர்த்துப் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் உள்ள இரட்டை மாடித் தெரஸ் வீடு, அதாவது வரிசை வீடு. வீடு கற்பனைதான், ஆனால் அதன் அமைப்பு மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே நடக்கக்கூடியது.

அந்நியன் நுழையும் கதைக்கு ஏன் தெரஸ் வீடு? பங்களாவோ கம்பத்து (கிராமத்து) வீடோ கூடாதா?

கூடும். ஆனால் தெரஸ் வீட்டில் ஆட்டத்துக்குத் தேவையான முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது: கம்பிக் கதவு. முன்னால் இழுக்கும் கிரில், பின்னால் சமையலறைக் கிரில், மாடி ஜன்னல் எல்லாவற்றிலும் கம்பி. திருடனை வெளியே நிறுத்தப் போட்ட கம்பி, அவன் உள்ளே வந்த பிறகு உங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளியேறும் வழி முன்வாசல், பின்வாசல் இரண்டுதான், இரண்டுக்கும் சாவி வேண்டும். இந்த ஒரு உண்மையை வைத்தே முழு ஆட்டத்தையும் கட்டலாம். பெரிய பங்களாவில் ஓடுவதற்கு இடம் அதிகம், அதனால் தேர்வுகளின் கனம் குறைந்துவிடும்.

ஜார்ஜ்டவுன் கடைவீடு இரண்டாவது வரைபடமாக நன்றாக அமையும். அகலம் குறைவு, ஆழம் அதிகம், நடுவில் வானம் தெரியும் காற்றுமுற்றம். அங்கே சத்தம் மேலும் கீழும் ஓடும் விதமே வேறு. ஆனால் முதல் ஆட்டத்துக்கு ஒரு வீடு போதும்.

எத்தனை இடங்கள் வேண்டும்?

பத்து. போர்ச், ஹால், படிக்கட்டுக்குக் கீழ் ஸ்டோர், சமையலறை, பின் முற்றம், படிக்கட்டு, மேல்நடை, முன் படுக்கையறை, பின் படுக்கையறை, குளியலறை. பன்னிரண்டைத் தாண்டினால் ஆடுபவர் மனதில் வரைபடம் நிற்காது. ஆறுக்குக் கீழே போனால் அந்நியனும் நீங்களும் எப்போதும் ஒரே அறையில்தான் இருப்பீர்கள், ஒளிந்து பிடிக்க இடமிருக்காது.

ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்: அங்கிருந்து எந்தெந்த இடம் போகலாம், அங்கே என்ன சத்தம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது (ஏர்கான், குளிர்சாதனப் பெட்டி, மழை விழும் போர்ச் கூரை), அங்கே கைக்கு எட்டும் பொருள் எது. வருணனையை அப்புறம் எழுதலாம்.

திரும்ப ஆடத் தூண்டுவது எது? பகடை உருட்டுவது மாதிரி எல்லாவற்றையும் மாற்றிப் போட்டால் போதாதா?

போதாது. பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். கட்டிலுக்குக் கீழே ஒளிந்தால் ஐம்பது விழுக்காடு தப்பலாம் என்று ஆட்டத்துக்குள் பகடை உருட்டினால், தோற்றவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். அடுத்த சுற்றிலும் அதையே அழுத்துவார், இந்த முறை பிழைப்பார், சலித்துப்போய் மூடிவிடுவார்.

குலுக்க வேண்டியதை ஆட்டம் தொடங்கும் முன்னரே குலுக்கிவிடுங்கள். அவன் எந்த வழியாக வந்தான், எதைத் தேடி வந்தான், நீங்கள் வீட்டில் யார் என்ற மூன்றும் தொடக்கத்திலேயே முடிவாகிவிட வேண்டும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் காரண காரியம். தோற்றவர் ‘அவன் சாவி மாட்டும் ஆணிக்கு நேராகப் போனான், அப்படியென்றால் கார் திருட வந்தவன், ஹாலில் நான் நின்றிருக்கக் கூடாது’ என்று ஊகிக்க முடிய வேண்டும். அந்த ஊகத்தோடுதான் அடுத்த சுற்றுக்கு வருவார்.

எங்கள் எடுத்துக்காட்டு வீட்டில் நுழைவழி நான்கு: சமையலறைப் பின்வாசல், பூட்டாமல் விட்ட முன் கிரில், மாடி ஏர்கான் பெட்டி இருக்கும் திண்டு, ஓடு பிரித்துக் கூரை. நோக்கம் மூன்று: அலமாரி நகை, கார் சாவி, அல்லது யாரிடமிருந்தோ தப்பி ஒளிய வந்தவன். பாத்திரம் மூன்று: அப்பா, பதினேழு வயது மகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி. நான்கு, மூன்று, மூன்றைப் பெருக்கினால் 36 தொடக்கங்கள். எழுதுவதோ 36 கதைகள் அல்ல. ஒரே வீட்டின் பத்து இடங்கள், அவற்றில் ஆங்காங்கே மாறும் வரிகள், அவ்வளவுதான்.

அந்நியனை நகர்த்துவது எப்படி? அதற்குப் பெரிய நிரல் அறிவு வேண்டுமா?

வேண்டாம். அவனுக்கு ஒரு பாதைப் பட்டியல் கொடுங்கள். நகைக்காக வந்து பின்வாசலில் நுழைந்தவன்: சமையலறை 2 நிமிடம், ஹால் 3, படிக்கட்டு 1, மேல்நடை 1, முன் படுக்கையறை 6, பிறகு வந்த வழியே திரும்புவான். கார் சாவிக்கு வந்தவனின் பட்டியல் இதைவிடக் குட்டையானது. நீங்கள் எதுவும் செய்யாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவன் இந்தப் பாதையில் நடந்து, எடுத்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

நிலை நான்கு போதும்: தேடுகிறான், நின்று கேட்கிறான், துரத்துகிறான், வெளியேறுகிறான். சத்தம்தான் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு அவனைத் தள்ளும்.

சத்தத்தை எப்படிக் கணக்கிடுவது?

பூச்சியத்திலிருந்து பத்துவரை ஓர் அளவு. செருப்பில்லாமல் நடந்தால் 1. செருப்போடு 2. கிசுகிசுத்து ஃபோன் பேசினால் 2. பூட்டைத் திறந்தால் 3. சாதாரணக் குரல் 4. சமையலறைக் கிரிலை இழுத்தால் 6. கழிப்பறைத் தண்ணீரை விட்டால் 7. கைப்பேசி மணி அடித்தால் 8.

இந்த எண்ணிலிருந்து, உங்களுக்கும் அவனுக்கும் இடையே கடக்க வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் 2 கழியுங்கள். அவன் இருக்கும் அறையில் ஏர்கான் ஓடினால் இன்னும் 2, மழை பெய்தால் 3. மிச்சம் 3 அல்லது 4 என்றால் அவன் ஒரு நிமிடம் அசையாமல் நின்று கேட்பான். 5 அல்லது அதற்கு மேல் என்றால் சத்தம் வந்த இடத்தை நோக்கி வருவான். மூன்று முறை நின்று கேட்டுவிட்டால், நான்காவது முறை சின்னச் சத்தத்துக்கே வருவான்.

போட்டுப் பார்ப்போம். அவன் ஹாலில் இருக்கிறான். நீங்கள் சமையலறைக் கிரிலை இழுக்கிறீர்கள். 6இல் 2 போனால் 4, நின்று கேட்பான். அதே நேரம் மழை கொட்டினால் மிச்சம் 1, அவனுக்குக் கேட்கவே கேட்காது. அவன் மாடி முன் அறையில் இருந்தால் நான்கு இடம் தள்ளி, அதாவது 8 கழியும், மழையே தேவையில்லை. ஆக, ‘கிரிலை எப்போது இழுப்பது’ என்பதே ஒரு புதிர் ஆகிவிட்டது. கூடுதலாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

ஒரு நிமிடத்தில் இரண்டு சத்தம் வந்தால் கூட்டாதீர்கள், பெரியதை மட்டும் எடுங்கள். கூட்டினால் செருப்போடு நடந்து பூட்டைத் திறந்தவருக்கும் கிரிலை இழுத்தவருக்கும் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

மின்சாரத்தை அணைத்தால்?

இந்த ஆட்டத்தின் மிகச் சுவையான நெம்புகோல் அதுதான். மெயின் சுவிட்ச் கீழே விழுந்தால் விளக்கு மட்டும் போவதில்லை. ஏர்கான் நிற்கும், மின்விசிறி நிற்கும், வீடே வாயடைத்துப் போகும். உங்கள் சத்தம் அவனுக்குக் கேட்கும், அவன் சத்தமும் உங்களுக்குக் கேட்கும். வைஃபை போகும், வாட்ஸ்அப்பை நம்பியிருந்தவர் மொபைல் டேட்டா இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வார். தானியங்கி வாசல் கேட் நிற்கும், கார் சாவி கிடைத்தவனும் காரை எடுக்கக் கேட்டைக் கையால் தள்ள வேண்டும். ஒரே சுவிட்சில் நான்கு விளைவு.

எடுத்துக்காட்டு வீட்டில் மெயின் சுவிட்சுப் பெட்டியை ஹாலில், வாசலுக்குப் பக்கத்தில் வைத்தோம். மாடியில் இருப்பவர் அதைத் தொட வேண்டுமானால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். மாடி நடையில் வைத்தால் எளிதாகிவிடும், ஆட்டம் கெடும்.

999க்கு அழைத்தவுடன் ஆட்டம் முடிந்துவிடாதா?

அழைப்பை முடிவாக வைத்தால் முடிந்துவிடும். தொடக்கமாக வையுங்கள். மலேசியாவில் காவல் துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 999 ஒரே எண். எடுப்பவர் இடத்தைக் கேட்பார். எங்கள் ஆட்டத்தில் முகவரி சொல்லி முடித்ததிலிருந்து 12 நிமிடத்தில் ரோந்துக் கார் வரும். இது கதைக்காக வைத்த எண், எந்தக் காவல் நிலையத்தின் கணக்கும் அல்ல என்பதை ஆட்டத்தின் முன்பக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

பாட்டி பாத்திரத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவருக்கு மகன் வீட்டுக்கு வழி தெரியும், முகவரி தெரியாது. மறுமுனையில் மலாயில் ‘அலாமாட்?’ என்று கேட்கிறார்கள். வீட்டு எண், ஜாலான் (தெரு), தாமான் மூன்றும் வேண்டும். அவை எழுதியிருப்பது கீழே, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்த கரண்ட் பில்லில். அப்பாவுக்கு அது வெறும் காகிதம். பாட்டிக்கு அதுவே உயிர். ஒரே பொருள் பாத்திரத்துக்குப் பாத்திரம் எடை மாறினால், எழுதும் வேலை பாதியாகக் குறையும்.

மகளுக்கு முகவரி தெரியும், ஆனால் கைப்பேசியில் 4 விழுக்காடு மின்னூட்டம்தான். அப்பாவின் கைப்பேசி ஹாலில் சார்ஜில் கிடக்கிறது.

மாதிரிக்கு ஒரு பகுதி காட்ட முடியுமா?

பாட்டி, பின்வாசல் நுழைவு, மழை இல்லாத இரவு, 2:46:

‘படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கிறீர்கள். சாமி மேடையின் சின்னச் சிவப்பு பல்பு மட்டும் எரிகிறது. சமையலறையில் டப்பா மூடி ஒன்று திறக்கும் ஓசை. பிறகு இன்னொன்று. அரிசி டப்பாவுக்குள் கை போகிறது, சரசரவென்று கேட்கிறது. மருமகள் அதற்குள் எதையும் ஒளிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும்.’

தேர்வுகள்: ஸ்டோருக்குள் நுழைந்து கதவைச் சாத்த. படியேறித் திரும்ப. அங்கேயே நிற்க. ‘யாரு?’ என்று கேட்க.

நாற்பது சொல்லைத் தாண்டவில்லை. அந்நியன் எங்கே, என்ன தேடுகிறான், உங்களுக்கு என்ன தெரியும் என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. ‘இதயம் படபடத்தது, வியர்த்துக் கொட்டியது’ மாதிரி வரிகளை எழுதாதீர்கள். படபடக்க வேண்டியது ஆடுபவருக்கு. ஒரு பகுதிக்கு அறுபது சொல்லே உச்சம். அதற்கு மேல் போனால் மூன்றாம் சுற்றில் யாரும் படிக்க மாட்டார்கள், தேர்வுகளை மட்டும் அழுத்திக்கொண்டே போவார்கள்.

ஆடுபவரை ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா?

மகளுக்கு நீ, பாட்டிக்கு நீங்கள். அப்பாவுக்கு இரண்டும் பொருந்தும், ஒன்றை எடுத்துக் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வினைமுற்று எல்லாமே இதைப் பொறுத்து மாறும் என்பதால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பகுதிகளைத் தனியாக எழுதுவதே நிம்மதி. நிரலால் ‘நிற்கிறாய்’, ‘நிற்கிறீர்கள்’ என்று விகுதி மாற்றப் புறப்பட்டால் ஓர் இடத்திலாவது ‘நிற்கிறாயர்கள்’ எட்டிப் பார்க்கும்.

இன்னொரு வம்பு: ‘நடக்கிறான்’ என்று எழுதியவுடன் வந்தவர் ஆண், தனியாள் என்று சொல்லியாயிற்று. முகம் தெரியும்வரை ஆளை எழுவாயாக்காதீர்கள். ‘காலடிச் சத்தம்’, ‘கதவு இழுபடுகிறது’, ‘வெளிச்சம் சுவரில் ஊர்கிறது’ என்று பொருளையும் ஓசையையும் முன்னே விடுங்கள். வந்தது சொல்லாமல் கொள்ளாமல் வந்த உறவுக்காரப் பையனாக இருக்கும் ஒரு முடிவை நீங்கள் வைத்திருந்தால், இது இல்லாமல் அந்த முடிவு செல்லாது.

எந்தக் கருவியில் எழுதுவது?

முதல் முறை என்றால் ட்வைன். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட இலவசக் கருவி. பகுதிகளைப் பெட்டிகளாக வைத்துக் கோடு இழுத்து இணைக்கலாம், முடிவில் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வெளியே வரும், கைப்பேசியிலும் ஓடும். அதற்குள் கதை வடிவம் ஒன்றை, அதாவது ஆட்டத்தை ஓட்டும் நிரல் தொகுப்பு ஒன்றைத் தேர வேண்டும். இயல்பாக வருவது ஹார்லோ. இந்த மாதிரி எண்ணிக்கை, நேரம், சேமிப்பு எல்லாம் உள்ள ஆட்டத்துக்குச் சுகர்கியூப் வசதி. அதில் மாறிகளின் (மாறும் மதிப்புகளைச் சேமிக்கும் இடங்களின்) பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், பகுதிகளின் பெயரைத் தமிழில் வைக்கலாம்.

இங்கிள் நிறுவனம் 2016இல் திறந்த மூலமாக்கிய இங்க் மொழி, வரி வரியாக எழுதிப் பழகியவர்களுக்குப் பிடிக்கும். ஒரே வாக்கியத்தைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக் காட்டுவது அதில் மிக எளிது. இன்ஃபார்ம் 7 அருமையான கருவிதான், ஆனால் ஆங்கில வாக்கிய அமைப்பை நம்பிக் கட்டியது. தமிழ் வேற்றுமையை அதற்குக் கற்றுக்கொடுப்பதிலேயே ஆண்டு ஓடிவிடும்.

உலாவியில் ட்வைன் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: கதை உங்கள் உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும். உலாவித் தரவை அழித்தால் கதையும் போகும். சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தியும் அந்தத் தளத்தைத் தொடாமல் இருந்தால் அதுவே அழித்துவிடும். தினமும் எழுதி முடித்ததும் காப்பகக் கோப்பை இறக்கி வையுங்கள், அல்லது கணினியில் நிறுவும் பதிப்பை எடுங்கள்.

ஆடுபவர் தமிழில் கட்டளை தட்டுமாறு செய்யலாமா?

செய்யலாம், முதல் ஆட்டத்துக்கு வேண்டாம். ஒருவர் ‘கதவைத் திற’ என்பார், ஒருவர் ‘கதவ தொற’, இன்னொருவர் ‘திற கதவை’. எல்லாம் ஒன்றே என்று நிரலுக்குத் தெரியாது.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: சொல்லின் முடிவை விட்டுவிட்டுத் தலையை மட்டும் பொருத்துங்கள். ‘கதவு, கதவை, கதவைத், கதவ’ நான்கும் ‘கதவ’ என்றே தொடங்குகின்றன, ஏனென்றால் கணினிக்குள் உகரக் குறி தனி எழுத்தாக வகரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. ‘விளக்க’ என்று பொருத்தினால் விளக்கும் விளக்கையும் அகப்படும். இதில் கண்ணி என்னவென்றால் தலை குட்டையாக இருக்கக் கூடாது. மரம், மரத்தை இரண்டுக்கும் பொதுவாக ‘மர’ என்று வைத்தால் ‘மருந்து’ம் அதில் வந்து விழும். பிறகு பாட்டி மாத்திரை கேட்க, ஆட்டம் வேப்பமரத்தை வருணிக்கும்.

பொருத்துவதற்கு முன் தட்டியதை என்எஃப்சி (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகச் சேமிக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றுங்கள். ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், ஒப்பிட்டால் வேறு என்று வரும். ‘ஔ’ வரும் இடத்தில் சிலர் ஒகரத்தோடு ளகரத்தைத் தட்டுவார்கள், அதை என்எஃப்சி திருத்தாது. அதை மாற்றுச் சொல்லாக நீங்களே சேர்த்துவிட வேண்டும்.

கையில் உள்ள பொருளின் பெயரை வாக்கியத்தில் தானாகச் சேர்த்தால் ‘சாவிஐ எடுத்தீர்கள்’ என்று வருகிறதே?

வரத்தான் செய்யும். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு வடிவங்களை முன்கூட்டியே சேமியுங்கள்: சாவி, சாவியை, சாவியால், சாவியோடு. டார்ச்லைட், டார்ச்லைட்டை, டார்ச்லைட்டால், டார்ச்லைட்டோடு. பொருள்கள் பதினைந்துக்குள் இருப்பதால் மொத்தம் அறுபது சொல், அரை மணி நேர வேலை. ஐகாரத்துக்குப் பின் வரும் வல்லின மிகுதியையும் மறக்காதீர்கள்: ‘சாவியைக் கொடு’, ‘சாவியைத் தேடு’. அதனால் மாறிக்குப் பின்னால் வரும் வினையை எப்போதும் உயிரெழுத்திலோ மெல்லினத்திலோ தொடங்குமாறு அமைத்துக்கொண்டால் தொல்லை ஒழிந்தது: எடுத்தீர்கள், நீட்டினீர்கள், மறைத்தீர்கள்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் தட்டச்சு விளைவு வைக்கலாமா?

வைத்தால் தமிழ் உடையும். குறி குறியாகக் காட்டினால் முதலில் ‘க’ வந்து, பிறகு அது ‘கி’யாகத் துள்ளும், சில இடங்களில் புள்ளிவட்டத்தோடு தனிக் கொம்பு நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள Intl.Segmenter வசதியால் எழுத்துக் கொத்தாகப் பிரித்துக் காட்டினால் சரியாகும். எங்கள் கருத்தில் இந்த விளைவே தேவையில்லை. இரண்டாம் சுற்றில் எல்லோருக்கும் எரிச்சல் தரும்.

எழுத்துரு, திரை அமைப்பு?

நோட்டோ சான்ஸ் தமிழ், 18 பிக்சல், வரி இடைவெளி 1.6. இரு ஓரமும் சமன் செய்ய வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், கைப்பேசியில் நடுவே பள்ளம் பள்ளமாக வெற்றிடம் விழும். கறுப்புப் பின்னணியில் தூய வெள்ளை எழுத்தும் வேண்டாம், இருட்டில் ஆடுபவர்கள்தான் அதிகம், சற்று மங்கலாக வையுங்கள்.

முந்தைய சுற்றில் நடந்தது அடுத்த சுற்றுக்கு நினைவில் இருக்குமா?

இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப ஆட ஆளிருக்காது. சுகர்கியூப்பில் மெமரைஸ், ரீகால் என்று இரண்டு வசதிகள் உண்டு. சாதாரண மாறிகள் ஆட்டத்தை மறுபடி தொடங்கினால் அழியும், இவற்றால் வைத்தது அழியாது. கண்ட முடிவுகளின் பட்டியலை அதில் வையுங்கள். ‘ஒன்பதில் நான்கு முடிவு கண்டீர்கள்’ என்ற ஒரு வரிக்கு இருக்கும் இழுப்பு பத்துப் பக்க வருணனைக்கு இல்லை.

அதைவிட வலுவானது, சுற்று முடிந்ததும் காட்டும் இரவுக் குறிப்பு. நீங்கள் காணாத நேரத்தில் அவன் என்ன செய்தான் என்று நிமிடவாரியாக:

‘2:49. நீங்கள் ஸ்டோருக்குள். அவன் சாமி மேடை உண்டியலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்தான்.
2:52. நீங்கள் ஸ்டோருக்குள். பின்வாசல் திறந்தே கிடந்தது. ஹாலில் யாரும் இல்லை.’

இரண்டாவது வரியைப் படித்தவர் ‘அடச்சே’ என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவார். அவனுடைய பாதை ஏற்கெனவே பட்டியலாக இருப்பதால் இந்தக் குறிப்பை உருவாக்கத் தனி வேலை எதுவும் இல்லை.

பின்னால் போகும் பொத்தானை அனுமதிக்கலாமா?

வேண்டாம். சுகர்கியூப்பில் வரலாற்றின் நீளத்தை ஒன்றாக்கிவிட்டால் அந்த வழி அடைபடும். சுற்று பத்து நிமிடம்தான், தோற்றால் மறுபடி தொடங்குவதே ஆட்டம். ஒரு மணி நேரம் ஓடும் ஆட்டத்தில் மட்டும் இதே கண்டிப்பு கொடுமை.

இதோடு ஒட்டியது: தெரியாமலே தோல்விக்குள் நுழைந்துவிடும் நிலை. பில்லை எடுக்காமல் மாடிக்குப் போன பாட்டி இனி அழைக்க முடியாது, ஆனால் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். குறுகிய ஆட்டத்தில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இருந்தாலும் அவருக்கு வேறு ஒரு வழியாவது இருக்கட்டும். முன் அறை ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். சத்தம் 9. அவன் அருகில் இருந்தால் கண்டிப்பாக வருவான், ஆனால் பக்கத்து வீட்டு விளக்கும் எரியும்.

சண்டை போட்டு வெல்ல வழி வைக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

வழி வையுங்கள், மலிவாக வைக்காதீர்கள். உண்மையில் இப்படி நேர்ந்தால் அறைக்குள் பூட்டிக்கொண்டு உதவி கேட்பதும், பொருளை விட்டுவிடுவதும்தான் உயிரைக் காக்கும். ஆட்டம் அதற்கு மாறாகப் பாராங் (வெட்டுக்கத்தி) எடுத்தவனே வீரன் என்று சொன்னால், பதினான்கு வயதுப் பையன் அதை அப்படியே எடுத்துக்கொள்வான்.

மலேசியத் தண்டனைச் சட்டம் 96ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமையைப் பேசுகிறது. 97ஆம் பிரிவின்படி உடலையும் உடைமையையும் காக்கலாம். ஆனால் காப்பதற்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது, அது 99ஆம் பிரிவு. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிராக உடைமையைக் காக்கும் உரிமை, 105ஆம் பிரிவின்படி, அந்த அத்துமீறல் நீடிக்கும்வரை நீடிக்கும். இது கதாசிரியருக்குப் பொன்னான இடம். வீட்டுக்குள் தள்ளிவிட்டு ஓடுவதும், வெளியே ஓடிவிட்டவனைப் பின்சந்துவரை துரத்திப்போய் அடிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்தவருக்கு ரோந்துக் கார் வந்ததும் ஆட்டம் முடிவதில்லை, கேள்விகள் தொடங்கும். ஒன்பது முடிவுகளில் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள்.

அந்நியனை எப்படிச் சித்திரிப்பது?

இனம், நாடு, பேச்சு வழக்கு எதையும் அடையாளமாக வைக்காதீர்கள். அது சோம்பேறித்தனம், இந்த நாட்டில் புண்படுத்தும் சோம்பேறித்தனம். அவன் பேச வேண்டிய இடம் இரண்டோ மூன்றோதான். ‘டியாம்’ (மலாயில் ‘பேசாதே’) என்ற ஒரு சொல் போதும். அவனை அடையாளப்படுத்துவது அவன் கை செய்வதாக இருக்கட்டும்: உண்டியலைத் திரும்ப வைத்தவன், அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டுபவன், முதலில் தண்ணீர் குடிப்பவன். ஆடுபவர் இவற்றைக் கொண்டுதான் அவன் நோக்கத்தை ஊகிப்பார்.

என் சொந்த வீட்டையே வரைபடமாக வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பூட்டு எங்கே தொங்குகிறது, சாவி எந்த ஆணியில், எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது என்பதை எல்லாம் நீங்களே எழுதி இணையத்தில் ஏற்றுவது போலாகும். இரண்டு மூன்று வீடுகளைக் கலந்து, வலத்தை இடமாக்கி எழுதுங்கள்.

சோதிப்பது எப்படி?

முதலில் கையால், மூன்று மூர்க்கமான ஆட்டங்கள்: எதுவுமே செய்யாமல் ‘அங்கேயே நிற்க’ மட்டும் அழுத்துவது, எப்போதும் முதல் தேர்வையே அழுத்துவது, இரண்டு அறைகளுக்கு இடையே போய்ப் போய் வருவது. பெரும்பாலான ஓட்டைகள் இவற்றிலேயே தெரிந்துவிடும். அடிக்கடி அகப்படுபவை: அவன் வெளியேறிய பிறகும் காலடிச் சத்தம் கேட்பது, மின்சாரம் அணைந்த பிறகும் ஏர்கான் முனகுவது, நீங்கள் கடந்து வந்த படிக்கட்டில் அதே நிமிடம் அவனும் எதிரே கடந்து போயிருப்பது. கடைசியது ஏன் வருகிறது என்றால், நீங்கள் முதலில் நகர்ந்து பிறகு அவன் நகர்கிறான், இருவரும் இடம் மாற்றிக்கொள்வதை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நிமிடத்திலும் ‘நான் இருந்த இடத்துக்கு அவனும், அவன் இருந்த இடத்துக்கு நானும் போகிறோமா’ என்று ஒரு சோதனை வையுங்கள். ஆம் என்றால் நேருக்கு நேர் சந்திப்பு.

பிறகு நிரல் தெரிந்த ஒருவரைக் கொண்டு, கண்டபடி தேர்வுகளை அழுத்தும் சின்னச் சோதனைக் கருவி ஒன்றை ஆயிரம் சுற்று ஓடவிடுங்கள். எந்த முடிவு எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். ஒரு முடிவு பாதிக்கு மேல் வந்தால் சத்தக் கணக்கு கடுமையாக இருக்கிறது என்று பொருள், நின்று கேட்கும் எல்லையை 3இலிருந்து 4க்கு ஏற்றிப் பாருங்கள். ஒரு முடிவு ஒருமுறைகூட வராவிட்டால் பெரும்பாலும் அதற்குப் போகும் கோடு அறுந்திருக்கும்.

எங்கே வெளியிடுவது? எச்சரிக்கை போட வேண்டுமா?

இட்ச்.ஐஓவில் இலவசமாக வைக்கலாம். கோப்புக்கு index.html என்று பெயர் மாற்றி, ஜிப் செய்து ஏற்றி, உலாவியிலேயே ஆடும் வகை என்று குறியிடுங்கள். பெயர் மாற்ற மறந்தால் ஏறும், ஆனால் ஓடாது. முதல் திரையில் இரண்டு வரி போதும்: வீடு புகுந்து திருடும் காட்சிகள் உண்டு, அத்தகைய அனுபவம் உள்ளவர்கள் தவிர்க்கலாம். அதோடு ஆட்டத்தில் வரும் 999 உண்மையான அழைப்புக்குப் போகாதபடி பாருங்கள். தொலைபேசி எண்போல் தோன்றுவதை, தட்டினால் அழைக்கும் இணைப்பாக மாற்றுவது ஐஃபோன் சஃபாரியின் வழக்கம். பக்கத்தின் தலைப்பகுதியில் தொலைபேசி எண் கண்டறிதலை நிறுத்தும் மெட்டா வரியைச் சேர்த்துவிட்டு, உண்மையான ஐஃபோனில் ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகே இணைப்பைப் பகிருங்கள்.